பொய்க்கு ஆடாத கழுத்து

மேடையேறியவர் தொண்டையைச் செருமுவதற்குள் லூசீல் தலையாட்டத் தொடங்கிவிடுவார். பெரிதாக ஒன்றுமில்லை, முகவாய் ஒரு விரற்கடை இறங்கி ஏறும். மாதத்தின் முதல் வியாழன் மாலை, நூலகக் கூடத்தில், கையில் தாளில்லாமல் ஏழு நிமிடம் தன் சொந்தக் கதையைச் சொல்ல வருபவர்களுக்கு அது போதும். தேனீ வளர்ப்பவர், பிரசவம் பார்க்கும் செவிலி, பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர் என்று யார் வந்தாலும், எண்பது முகங்களைக் கண்டு வெலவெலத்து, கடைசியில் மூன்றாவது வரிசை ஓரத்தில் இருக்கும் அந்த முகத்தில்தான் ஒதுங்குவார்கள்.

லூசீல் முப்பது வருடம் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர். "வாயத் தொறக்குற வரைக்கும்தான் பயம்" என்பார். முன்னால் இருப்பவர் கைபேசியைத் தொட்டால் தோளில் ஒரு தட்டு விழும்.

சென்ற வியாழன் பட்டியலில் 'புயல் சாய்த்த மரம்' என்ற தலைப்போடு வெண்டலின் பெயர் இருந்தது. லூசீலின் பக்கத்து வீட்டுக்காரர், இருவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. லூசீலின் கணவர் சாகும்வரை சாறு இறக்கிப் பாகு காய்ச்சிய மேப்பிள் மரம், லூசீல் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் காணாமல் போனது. புயல் சாய்த்துவிட்டது என்றார் வெண்டல். அந்த வாரம் ஊரில் காற்றுக்கு ஒரு குடைகூட மடங்கவில்லை.

"அக்கா, வெண்டல் ரொம்பப் பயந்துபோயிருக்காரு. ரெண்டு ஆட்டு ஆட்டிவிடுங்க, பாவம்" என்று கெஞ்சினாள், நிகழ்ச்சியை நடத்தும் ஹாரியட்.

"பொய்க்கு ஆட்ட எனக்குக் கழுத்து வைக்கலடி."

வெண்டல் ஏறினார். "அன்னிக்கு அடிச்ச காத்துல எங்க கொட்டகைக் கூரையே பறந்துச்சு. அந்த மேப்பிள் தானாச் சாஞ்சு..." சொல் தடுக்கியது. எல்லோரையும்போல அவர் கண்ணும் மூன்றாவது வரிசைக்கு வந்தது.

லூசீல் தலையை இடமும் வலமும் அசைத்தார். ஒரே ஒருமுறை.

கூடத்தில் நாற்காலி முனகுவது கேட்டது.

"இல்ல," என்றார் வெண்டல். "காத்தெல்லாம் அடிக்கல. கூரையில கரண்டுக்குச் சூரியத் தகடு போட்டிருந்தேன், அதுமேல மரத்தோட நிழல் விழுந்துச்சு. அவங்க ஊர்ல இல்லாத வாரமாப் பாத்து அறுத்தேன். யாரு மரம்னு தெரிஞ்சேதான் அறுத்தேன்." யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

நேரம் மிச்சமிருக்கும்போதே இறங்கினார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடைவழியில் நின்றார். கூடம் தயங்கித் தயங்கிக் கைதட்டியது. லூசீல் தட்டவில்லை. பக்கத்துக் காலி நாற்காலியை அடைத்துக் கிடந்த தன் குளிர்கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.