வெள்ளிக்கிழமை வெளியே போகாத லட்சுமி

சிராங்கூன் ரோட்டில் சொக்கலிங்கத்தின் மளிகைக் கடையில் தராசு பிடிப்பவன் மருதப்பன். பதினோரு வருஷமாக ஊருக்கெல்லாம் அரிசி, பருப்பு, மிளகாய் நிறுத்துக் கொடுத்தவன். அவனுடைய சம்பளம் மட்டும் ஒரு மாதமாவது சொன்ன தேதியில் கைக்கு வந்ததில்லை.

கஞ்சத்தனம் என்று சொன்னால் முதலாளி மனம் நோகும். அவருக்குப் பஞ்சாங்கம் துணை இருந்தது. 1969 மார்ச் மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஒன்றாம் தேதி சனிக்கிழமை, அன்று கொடுத்தால் தரித்திரமாம். ஞாயிறு அரை நாள் கடை. திங்கள் காலை ராகு காலம். அது முடிந்ததும் முதலாளி முடிவெட்டிக்கொள்ளப் போய்விட்டார். செவ்வாயில் யாராவது காசு கொடுப்பார்களா? புதன் பிரதமை. வியாழன் பகலெல்லாம் "அப்புறம் வா" என்றார். சாயங்காலம் போனால் விளக்கு ஏற்றியாகிவிட்டது. விளக்கு வைத்தபின் காசு வெளியே போகக் கூடாது.

மற்ற மாதங்களில் மருதப்பன் சிரித்துவிட்டுப் போவான். இந்த மாதம் முடியவில்லை. தோ பாயோவில் அரசாங்கம் கட்டிய புது அடுக்குமாடி வீடு கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இப்போது இருப்பது ஒரு மாடியறையில் பலகைத் தடுப்புக்குள் நான்கு பேர். பக்கத்துத் தடுப்பில் தும்மினால் இங்கே மனைவி லீலா முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். வீடு கைநழுவினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

வியாழன் இரவே எதிர்க் கடையில் புத்தகம் விற்கும் அஹமது கபீரிடம் புலம்பினான்.

"மாசம் முடிஞ்சு ஏழு நாளைக்குள்ள சம்பளம் கைக்கு வந்தாகணும். போன வருஷம் வந்த சட்டம். நாளைக்கு ஏழாம் தேதி. கொடுக்கலேன்னா லேபர் ஆபீஸ்ல எழுதிக் கொடு" என்றார் கபீர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பூஜைச் சாமான் வாங்கக் கடையில் நல்ல கூட்டம். "பச்சரிசியும் உப்பும் போடுப்பா" என்று ரத்தினம்மா கூடையை நீட்டினாள். மருதப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"முடியாதுக்கா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அரிசியும் லட்சுமி, உப்பும் லட்சுமி. லட்சுமியை வெளியே அனுப்பக் கூடாதுன்னு காலையில நான் சம்பளம் கேட்டப்ப முதலாளி சொல்லிட்டாரு."

முதலாளி கல்லாவிலிருந்து துள்ளி எழுந்தார். "டேய், நான் காசைத்தானேடா சொன்னேன்! அவங்க காசு கொடுத்து வாங்குறாங்க."

"நானும் கொடுத்துட்டுத்தான் கேக்குறேன் முதலாளி. ஒரு மாச உழைப்பை முன்னாடியே கொடுத்துட்டேன். அதை வாங்கினப்ப நீங்க கிழமை பாக்கலையே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளி முகம் சிவந்தது. "வேலையை விட்டுத் தூக்கிடுவேன்!"

"தூக்குங்க. நேரா லேபர் ஆபீஸ் போறேன். இன்னிக்கு ஏழாம் தேதி."

"அவன் சம்பளத்தைக் கொடுங்கண்ணே. கோயிலுக்கு நேரமாச்சு. இல்லேன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்கிறேன்" என்றாள் ரத்தினம்மா.

பக்கத்துக் கடை என்றதும் முதலாளிக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. கல்லாவைத் திறந்து வைத்தார். திரும்பி நின்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நான் கொடுக்கல. நீயா எடுத்துக்கோ."

மருதப்பன் ஊர் கேட்க எண்ணி எடுத்தான், ஒரு காசு கூடவோ குறையவோ இல்லாமல். பிறகு ரத்தினம்மாவுக்கு அரிசியையும் உப்பையும் நிறுத்துப் போட்டான். மூன்றே முக்காலுக்கு முன்பணம் கட்டிய ரசீது அவன் சட்டைப்பையில் இருந்தது.

புது வீட்டுக்குப் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, பால்காரர் மாதக் காசு வாங்க ஏழு மாடி ஏறி வந்து மூச்சிரைக்க நின்றார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நாளைக்கு வாங்கண்ணே" என்று லீலா கதவைச் சாத்தப் போனாள்.

இட்லி தின்றுகொண்டிருந்த மருதப்பன் பாதியில் எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து காசை எண்ணிப் பால்காரரிடம் கொடுத்தான்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா..." என்று முறைத்தாள் லீலா.

"ஒரு மாசப் பாலையும் கிழமை பார்த்தா குடிச்சோம்?" என்றான் மருதப்பன்.