கருக்கரிவாளும் நூர்தீன் சார் கேட்ட கேள்வியும்

நேற்றுக் காலை அதிராம்பட்டினத்திலிருந்து நூர்தீன் சாரின் தம்பி கூப்பிட்டார். "அண்ணன் ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்திருக்கல" என்றார். தூக்கத்திலேயே சார் போய்விட்டிருக்கிறார். வக்கீலாக அவரை அறிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எனக்கு அவர் என்றால் ஓர் அரிவாள் வழக்குதான்.

எழுபதுகளில் பூதலூரில் எனக்கு ஒரு சிறு பட்டறை இருந்தது. நனைந்த குறுவையை அறுக்கும்போது கருக்கரிவாளின் பற்களில் நார் அடைத்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு பல்லின் அடியிலும் சிறு பள்ளமாகக் காடி வெட்டினேன். நார் தானாக உதிர்ந்தது. காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தேன். வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்று எதிர்த்தது. அரிவாளில் பல் பழசு, மரம் அறுக்கும் ரம்பத்தில் காடி பழசு, இரண்டையும் சேர்க்க யாருக்கும் தோன்றும் என்றார்கள். அவர்கள் ஜெயித்தால் அதே அரிவாளை ஆயிரக்கணக்கில் அடித்து இறக்குவார்கள். நான் பட்டறையை மூட வேண்டியதுதான். வழக்கை நூர்தீன் சாரிடம் கொண்டுபோனேன்.

ஈர வயலில், சாட்சி வைத்து, பழைய அரிவாளையும் புதியதையும் சோதித்துக் காட்ட வேண்டும் என்றார் சார். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் வயல் தந்தார். நில உச்சவரம்பும் கூலிச் சண்டையுமாக ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்த காலம். போய்ப் பார்த்தால், கூலியைக் கூட்டித் தரச் சொல்லி ஊர் ஆட்கள் யாரும் அறுப்புக்கு இறங்கவில்லை. வரப்பில் கொடி, ரோட்டில் போலீஸ் வேன். எங்கள் சோதனையைச் சாக்காக வைத்து அறுப்பைத் தொடங்கிவிடலாம் என்பது மிராசுதாரின் எண்ணம். வரப்பில் நின்ற ஒரு பெண் சாரிடம் மெல்லக் கேட்டார்: "நீங்க இறங்கிட்டா எங்களுக்குப் பேச என்னங்க இருக்கு?"

சார் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். பஸ்ஸில் நான் கோபத்தோடு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். வேறு வயல் கிடைப்பதற்குள் விசாரணை வந்துவிட்டது.

சென்னையில் காப்புரிமை அதிகாரியின் முன் கம்பெனியின் எஞ்சினியர் சாட்சி சொன்னார். எங்களிடம் சோதனை இல்லை. ஒரு போகம் அறுத்த என் அரிவாள் மட்டும் மேஜைமேல் கிடந்தது. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே சார்தான். அவரே எழுந்து கேட்டார்.

"இவ்வளவு சுலபம்னா, நீங்க ஏன் பல்லுக்கு அடியில காடி போடல?"

எஞ்சினியர் சற்றும் யோசிக்கவில்லை. "போட்டா பல் ஒடிஞ்சிடும். தொழில் தெரிஞ்சவங்க யாரும் போட மாட்டாங்க."

சார் அரிவாளை எடுத்து அதிகாரியின் முன் வைத்தார். ஒரு பல்கூட ஒடிந்திருக்கவில்லை. தொழில் தெரிந்தவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியதை, யாருக்கும் தோன்றுவது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். காப்புரிமை கிடைத்தது.

வெளியே வந்ததும், அந்த ஆள் வேறு மாதிரி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"தோத்திருப்போம். எனக்குக் கால் நடுங்கினத நீங்க பார்க்கலியா?"

பார்த்திருந்தேன். மேஜைக்கு அடியில் அவர் வேட்டி நுனி ஆடிக்கொண்டே இருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். எனக்கு இன்றும் எல்லாவற்றுக்கும் பயம். பயந்தபடியே எழுந்து கேட்டுவிடுகிறேன்.