சுவரில் எறிந்தாலும் உடையாத கமரா

என் மனுசன் என்னுடைய இரண்டாவது கைபேசியைச் சுவரில் அடித்து உடைத்தது ஒரு நிழலுக்காக. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எடுத்த படம் அது. ஸ்குல்லெருட் காட்டுக்குள், பனியில் வழுக்கிப் போகிற ஸ்கி பலகைகளின் மேல் நான் நிற்கிறேன். மூக்கு சிவந்து, தொப்பி ஒரு பக்கம் சரிந்து, வாயெல்லாம் பல்லாக. படத்தின் அடியில், பனியில், எடுத்தவரின் நிழல் நீளமாக விழுந்து கிடந்தது. ஒஸ்லோவில் ஜனவரிச் சூரியன் பட்டப்பகலிலும் மரத்தின் இடுப்புக்கு மேலே ஏறாது. நண்டுக்குஞ்சு மாதிரி ஒரு பிள்ளை நின்றாலும் நிழல் பனைமர நீளத்துக்கு விழும்.

அவன் அந்த நிழலை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இது ஆற்ற நிழல்?"

"பக்கத்து புளொக் தங்கச்சியின்ர. அவதானே என்னைக் கூட்டிக்கொண்டு போறவ."

"அவ இவ்வளவு உயரமோ? இது ஆம்பிளையின்ர நிழல்."

"வெயில் சரிஞ்சா எல்லாற்ற நிழலும் நீளும். இதுகூடத் தெரியாதோ உங்களுக்கு?"

கடைசி வசனத்தை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. என் வாய் அப்படி. அம்மா சின்ன வயதிலேயே சொல்லுவா, உனக்கு வாயில்தான் சனி என்று. கைபேசி என் காதோரத்தால் பறந்து போய்ச் சுவரில் பட்டுச் சிதறியது. அதன் பிறகு அவன் கை கழுவிவிட்டு வந்து சோறு கேட்டான். நான் போட்டுக் கொடுத்தேன். மீன் குழம்பில் உப்புக் குறைவு என்றான்.

அவனை நான் அறிவேன். கைக்கு எட்டுகிற தூரத்தில் உடையக்கூடியது ஏதாவது இருந்தால் கோபம் அநேகமாக அதோடு போய்விடும். இல்லாத நாளில் என் மேல் இறங்கும். அதனால் மலிவான பீங்கான் கோப்பைகளை வாங்கி மேசையின் ஓரத்தில் எப்போதும் வைத்திருப்பேன். தேத்தண்ணி குடிக்க அல்ல, அவன் எறிய. மற்றப் பெண்கள் வீட்டுக்குப் பூச்சாடி வாங்குவார்கள், நான் எறிகிறதற்குக் கோப்பை வாங்கினேன். வெட்கம் கெட்ட சீவியம்! அப்போது அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் இருந்தது மோர்டென்ஸ்ருட்டில், ரயில் கடைசியாக நிற்கும் இடத்துக்கு மேலே. பிள்ளைகள் இல்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை, அவன் ஒரு களஞ்சியத்தில் லொறி ஓட்டினான். ஊர் திருகோணமலை. பனியென்றால் வழுக்கி விழுகிற சாமான் என்றுதான் முப்பத்தொன்பது வயதுவரை நினைத்திருந்தேன். பக்கத்து புளொக்குக்குத் தமிழ்நாட்டிலிருந்து பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு வந்த பெண் ஒருத்திதான், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் கதைக்கிறதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு, அவள் பேசுகிறதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு. "வாங்கக்கா, விழுந்தா பனிதானே, பஞ்சு மாதிரி இருக்கும்" என்றாள். பொய்! இடுப்பு நாரி முறிந்த மாதிரி நொந்தது. ஆனால் நாலாம் கிழமை, காட்டுக்குள் இயந்திரம் இழுத்து வைத்த இரட்டைத் தடத்தில் என் பலகைகள் தாமாக வழுக்கிப் போகத் தொடங்கின. மூச்சு வெள்ளையாகப் போகிறது, ஒரு மனிதர் சத்தம் இல்லை, என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தச் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் எனக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம், அது மட்டும் வேண்டும்.

அவன் அதைத்தான் எடுக்கப் பார்த்தான். "இனி அந்தக் காட்டுப்பக்கம் போனியெண்டால் காலை முறிப்பன்" என்றான். நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், முறியடா பார்ப்பம் என்று. அவனுக்குச் சனிக்கிழமைகளில் வேலை வந்தால் நான் போய் வந்துவிடுவேன். ஸ்கிகளைத் தங்கச்சியின் புளொக் நிலக்கீழ் அறையில் அவளுடைய பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

ஆனால் படம் வேண்டும் என்ற ஆசை விட்டுப் போகவில்லை. அந்தச் சிரித்த முகம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இன்னொருமுறை பார்க்க வேண்டும். யாருடைய நிழலும் விழாமல், நானே என்னை எடுக்க வேண்டும். அதற்குத்தான் கமரா.

வேலை முடிந்து ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனேன். எங்களுடைய ஆட்கள் அவ்வளவு தூரம் வருவது குறைவு, அதுவும் ஒரு காரணம். அங்கே கமரா விற்கிறவர் நாற்பது தாண்டிய நோர்வேக்காரர், கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாகவும் மிச்ச முகம் வெயிலில் கறுத்தும் இருந்தது. ஸ்கிக்காரர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. போன் போதாதா என்று கேட்டார். குளிரில் பற்றரி செத்துப் போகிறது என்றேன். அதுவும் உண்மைதான்.

மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று மெலிது, வடிவானது, தூரத்து மலையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவரும். ஆனால் முடுக்கினால் லென்ஸ் வில்லை வெளியே நீண்டு வரும், அந்த இடுக்கில் பனித்தூள் போனால் மோட்டார் பிடித்துக்கொள்ளும் என்று அவரே சொன்னார். இன்னொன்றின் படங்கள் கண்ணைப் பறித்தன, பனி நீலம் அடிக்காமல் பனியாகவே தெரிந்தது. உடம்போ முட்டைக்கோது மாதிரி. மூன்றாவது சிவப்பு நிறம், சுற்றி ரப்பர், வில்லை உள்ளேயே இருக்கும், பொத்தான்கள் கையுறையோடு அமத்துகிற அளவுக்குப் பெரியவை. பத்து விநாடி பொறுத்துத் தானாக எடுக்கும். தண்ணீருக்குள் போடலாம். படம் சுமார்தான்.

"இது விழுந்தால்?"

"ஆள் உயரத்திலிருந்து கல்லில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது."

"சுவரில் எறிந்தால்?"

அவர் சிரித்தார். "யார் எறியப் போகிறார்கள்?"

"வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. கோபக்காரப் பிள்ளை."

"எத்தனை வயது?"

நாற்பத்தாறு என்று நாக்கு நுனிவரை வந்தது. நாலு என்றேன். அப்படியென்றால் இதுதான் உங்களுக்குச் சரி என்று சிவப்பைத் தள்ளினார். வடிவான படம் தருகிற மற்றதை ஒருதரம் பார்த்துவிட்டு, சிவப்பை வாங்கினேன். மேலதிகமாக ஒரு பற்றரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருக்கச் சொன்னார். நல்ல மனிதர்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். கமராவை நேரே நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோய் ஸ்கிச் சப்பாத்துக்குள் ஒளித்திருக்கலாம். ஒரு நாய்க்கும் தெரிந்திராது. ஆனால் புதுச் சாமான் ஒன்றைச் சாமிக்கு முன்னால் வைக்காமல், சந்தனம் குங்குமம் தொடாமல் எப்படிப் பாவிக்கிறது? வாங்கிய மிக்சிக்கு வைத்தேன், வேலைக்குப் போட்ட சப்பாத்துக்கு வைத்தேன், கமராவுக்கு மட்டும் வைக்காமல் விட்டால் முதல் நாளே காலை முறித்துக்கொள்வேன் என்று பயம். புருசனுக்கு ஒளிக்கிற பொருளைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில் வைக்கிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி, அவன் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. முதலில் பல்கனியில் நின்று என்னையே நாலு படம் எடுத்துப் பார்த்தேன். பிறகு பொட்டு வைத்து, பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அவனுடைய லொறி பழுதாகி நேரத்தோடு விட்டுவிட்டார்கள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வர, அவன் கூடத்தில் கமராவோடு நிற்கிறான். கட்டைவிரலில் சந்தனம் அப்பியிருந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"நேற்று. என்ர சம்பளத்தில."

"ஆரைப் பார்த்துச் சிரிக்கிறாய் இதில?"

"ஒருத்தரையும் இல்லை. கமராவைப் பார்த்துச் சிரிச்சனான்."

"பொய் கதைக்காதை!"

சுவரில் எறிந்தான். கமரா பட்டுத் தெறித்து, சாப்பாட்டு மேசைக்குக் கீழே உருண்டுபோய் நின்றது. குனிந்து எடுத்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. குசினித் தரையில் ஓங்கி அடித்தான். அது பந்து மாதிரி எழும்பி அவன் முழங்காலிலேயே பட்டது. வேலைச் சப்பாத்தால் ஏறி மிதித்தான். பிறகு இஞ்சி உள்ளி இடிக்கிற கல்லுலக்கையை எடுத்துக்கொண்டு தரையில் முழந்தாளிட்டு இருந்து இடித்தான். வியர்த்து, மூச்சு வாங்கி, கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லி இடித்தான். சிவப்பு ரப்பர் ஒரு மூலையில் கிழிந்தது, அவ்வளவுதான். திரையில் பல்கனியில் நிற்கிற என் படம் ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. இவ்வளவு பெரிய மனுசன், சின்னக் கமராவிடம் தோற்றுப்போய்த் தரையில் கிடக்கிறானே என்று வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது.

அவன் எழும்பினான். கமராவின் வாரை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கமராவாலேயே அடித்தான். முதல் அடி புருவத்தில். கண்ணுக்குள் சூடாக ஏதோ இறங்கியது, அன்று முழுக்க அந்தக் கண்ணால் நான் ஒன்றும் பார்க்கவில்லை. இரண்டாவது அடி தாடையில், பல் ஆடியது. மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தேன். தோல் கிழிகிறவரை கடித்தேன். சொல்ல வெட்கமில்லை, அந்தக் கடி எனக்கு ஆறுதலாக இருந்தது. அவன் கத்திக்கொண்டு கையை உதறினான். நான் கொழுவியில் தொங்கிய ஸ்கி ஜக்கற்றை இழுத்துக்கொண்டு, காலுறையோடு படியால் இறங்கிப் பனிக்குள் ஓடினேன்.

தங்கச்சி கதவைத் திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ அக்கா! யாரு பண்ணது? அவரா? உள்ள வாங்க, மொதல்ல உள்ள வாங்க!" துவாயை நெற்றியில் அமத்தி, தன் சப்பாத்தை எனக்குப் போட்டு, காரில் ஏற்றினாள். வழியெல்லாம் அழுதது அவள்தான். "போலீசுக்கு போன் பண்ணட்டுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "முதல்ல தையலைப் போடுவம் தங்கச்சி" என்றேன். என் மண்டைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மற்றக் கமராவை வாங்கியிருந்தால் முதல் எறியிலேயே தூள் தூளாகியிருக்கும். அவன் கை கழுவிவிட்டுச் சோறு கேட்டிருப்பான். நான் போட்டுக் கொடுத்து, கூட்டி அள்ளி, திங்கட்கிழமை வேலைக்குப் போயிருப்பேன். அப்படியே எத்தனை வருசமும் போயிருப்பேன். அதை நினைக்கத்தான் எனக்குப் பயம் வந்தது.

அவசர மருத்துவ நிலையத்தில் பனியில் விழுந்தவர்கள்தான் வரிசையாக இருந்தார்கள். ஒருவருக்குக் கை, ஒருவருக்குக் கால். டொக்டர் பெண்பிள்ளை, களைத்துப் போயிருந்தா. புருவத்தில் ஆறு தையல் போட்டு முடித்து, என் ஜக்கற்றைப் பார்த்துவிட்டு, கணினித் திரைப்பக்கம் திரும்பினா.

"ஸ்கியில் விழுந்தீர்களா? தடி முகத்தில் பட்டதா?"

என்ன லேசான பொய்! நான் தேடக்கூடத் தேவையில்லை, அவவே எடுத்து நீட்டினா. ஓம் என்று தலையாட்டினால் போதும். இல்லை என்றால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். இந்த நாட்டில் அந்த வசனம் ஒருமுறை வாயிலிருந்து வந்தால் பொலிஸ் வரும், காகிதம் வரும், நானே பிறகு மன்றாடினாலும் அதைத் திரும்ப விழுங்க முடியாது. வீடு, மனுசன், கோயிலில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற சனம், எல்லாம் போகும். தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"விழவில்லை" என்றேன். "என் கணவன் அடித்தான்."

நோர்வேஜியனில் ஆயிரம் வசனம் கதைத்திருப்பேன், இது அன்றுதான் முதல்முறை. பிழையில்லாமல் வந்தது. டொக்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டா.

"எவ்வளவு காலமாக?"

"கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருசம்."

"அதை நான் கேட்கவில்லை. அடிக்கத் தொடங்கி எவ்வளவு காலம்?"

"அதுவும் பன்னிரண்டுதான்" என்றேன்.