கதவைச் சாத்திக்கொண்டு எரிப்பவள்

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் பேருந்து முத்தாண்டிக்குப்பத்தில் பழுதாகி நிற்கிறது. தண்ணீர் கேட்கலாம் என்று சாலையோரத்து ஓட்டு வீட்டுக்குப் போகிறேன். வாசலில் பழைய ஒயர்கள் குவிந்து கிடக்கின்றன. சாத்திய கதவின் இடுக்கில் கறுப்புப் புகை வருகிறது. வீடு எரிகிறதோ என்று பயந்து தட்டுகிறேன்.

முந்தானையால் வாயை மூடியபடி ஒரு பெண் திறக்கிறாள். உள்ளே தகரத்தட்டில் ஒயர்கள் எரிகின்றன.

“ஒன்னும் இல்லிங்க. மேல இருக்கற பிளாஸ்டிக்கக் கொளுத்தினாத்தான் செம்பு தனியா வரும். காயலாங்கடையில எடுத்துக்குவாங்க.”

“அத வீட்டுக்குள்ளயா எரிப்பீங்க?”

“வெளியதாங்க எரிச்சிக்கினு இருந்தன். பொகை ஊருக்குக் கெடுதின்னு ஆபீசருங்க வந்து சத்தம் போட்டாங்க. அதுலேருந்து கதவச் சாத்திக்கினுதான்.”

புகைக்குள் யாரோ இருமுகிறார்கள். அப்போதுதான் தூளியைப் பார்க்கிறேன். கேட்காமலே உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுகிறேன். பின்னாலேயே வந்தவள் குழந்தையின் மூக்கைத் துடைக்கிறாள். துணியில் கரி ஒட்டுகிறது. அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“இன்னிக்கு அணச்சிடறன்” என்கிறாள். “நாளைக்கு எங்க எரிக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க.”