சாமி ரூமுல வெச்ச சர்வரு

எங்க வூட்டுக்காரரு குழந்தைவேலுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. எரிஞ்ச மோட்டாரு, தேஞ்ச டயரு, அறுந்த பெல்ட்டு எல்லாம் மாட்டுக் கொட்டாயில கெடக்கு. அபிஷேகப்பாக்கத்துல மூணு காணி கரும்பும் ரெண்டு காணி நெல்லும் பாக்குற மனுசன், வயசு அம்பத்தெட்டு. தண்ணி பாயுற நேரத்துல வரப்புல குந்திகினு போன்ல வீடியோ பாப்பாரு. எதோ சினிமான்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா, பழைய கம்ப்யூட்டர எப்படி சர்வரா மாத்துறதுன்னு ஒருத்தன் சொல்லிகினு இருக்கான்.

எங்க பொண்ணு கீதாஞ்சலி ஆறாவது படிக்கும்போது வாங்கின கம்ப்யூட்டரு அது. எடைக்குப் போடுங்கன்னு நானும் தலபாடா அடிச்சிகினேன். கேட்டாத்தானே? தூசி ஊதி, புது டிஸ்க்கு ரெண்டு மாட்டி, லினக்ஸோ இன்னாவோ அத ஏத்தி, மூணு மாசம் அதோட மல்லுக்கட்டினாரு. ஒரு நாளு சோத்துக்குக் கூப்புட்டா, "இரு அமுதம், பர்மிஷன் குடுத்துகினு இருக்கேன்"ன்றாரு. "எனக்கு இந்த வூட்டுல எவன் பர்மிஷன் குடுத்தான்? சோறு ஆறுது, வாங்க"ன்னேன்.

கடைசில வேல செஞ்சிது. பட்டா, பத்திரம், கல்யாண போட்டோ எல்லாம் அந்த ஒரு பொட்டியில. வூட்டுக்குள்ள எந்த போன்லேந்தும் பாக்கலாம். மானிட்டரு கெடையாது, கீபோர்டு கெடையாது, மூஞ்சியே இல்லாத கம்ப்யூட்டரு. நெல்லு கொட்டி வெக்கற மாதிரி எல்லாத்தையும் சேத்து வெக்குதுன்னு 'குதிரு'ன்னு பேரு வெச்சாரு. என் பேர்லயும் ஒரு ஃபோல்டரு போட்டுக் குடுத்தாரு. அதுல கோலமா ரொப்பினேன். பொய் சொல்லுவானேன், எனக்கும் புடிச்சிதான் இருந்திது.

எங்க வெக்கறதுன்னு பேச்சு வந்திச்சி. கூடத்துல தூசி, உள் ரூமுல எலி. சாமி ரூமுக்கு மட்டும்தான் இன்வெர்ட்டரு லைனு உண்டு, முருகருக்கு முன்னாடி எரியற பல்பு அணையக் கூடாதுன்னு நான் போட வெச்சது. அங்கயே கீழ்த்தட்டுல வெச்சிட்டாரு. வெள்ளிக்கெழமையானா நானும் அதுக்கு ஒரு சந்தனப் பொட்டு வெப்பேன். "ஃபேன்ல பூசாதடி"ன்னு கத்துவாரு.

இந்த வருசம் சித்திரையில அவரோட பெரியப்பா தவறிட்டாரு. தொண்ணூத்தி நாலு வயசு, கல்யாணச் சாவு. பங்காளித் தீட்டு பதினாறு நாளு. சாமி ரூமப் பூட்டி சாவிய முந்தானையில முடிஞ்சிகினேன். உள்ள சர்வரு பாட்டுக்கு ஓடிகினு இருந்திது.

ஒம்போதாவது நாளு அடிச்ச காத்துல கரண்டு போச்சு. ஆறு மணி நேரம் வரல. இன்வெர்ட்டரும் படுத்துகிச்சி. மத்தியானம் ரெண்டு மணிக்கு கரண்டு வந்திது, ஃபேனு சுத்துது, வைஃபை வந்திச்சி, குதிரு மட்டும் எழுந்திருக்கல. யாராவது போயி பட்டன அமுக்கணுமாம்.

கீதாஞ்சலி வந்து நின்னா பாருங்க, மொகமெல்லாம் செவந்து போயி. "அம்மா, நாலு மணிக்குள்ள காலேஜுக்கு புராஜெக்ட அனுப்பணும். தவறினா ஆறு மாசம் போச்சும்மா. ஃபைலு அதுக்குள்ளதான் இருக்கு." கரும்புக் கொல்ல மண்ணப் பத்தி எழுவது பக்கம் எழுதியிருந்தா புள்ள.

"வேற எங்கயும் இல்லியா?"

"லேப்டாப்ப நம்பாத, என் குதிர நம்புன்னு அப்பாதானே சொன்னாரு!"

அந்த மனுசன் செவுத்தப் பாக்கறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "ஊரு உலகத்துல வேற எடமே கெடைக்கலியா உங்களுக்கு?"ன்னு கத்தினேன். அங்க வெக்கறதுக்கு ஒப்புக்கினது நானுந்தான், அத அப்ப ஞாபகத்துல வெச்சிக்கல.

"கதவத் தொற அமுதம், சாமியத் தொட மாட்டேன், சுவிட்ச மட்டும்..."

"பதினாறு முடியாம நம்ம காலு உள்ள படக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

உடனே முருங்கக்கா பறிக்கிற தொரட்டிய எடுத்துகினு ஜன்னலுக்கு ஓடினாரு. "தொரட்டிக்கு தீட்டு இல்லியா?"ன்னேன். "அது உசிரில்லாததுடி"ன்றாரு. வுட்டாரு ஒரு குத்து. விபூதித் தட்டு கவுந்திச்சி. இன்னொரு குத்து, எண்ணெக் கிண்ணி போச்சு. பட்டனு மட்டும் சிக்கல. மணி மூணே கால். கீதாஞ்சலி தலையில கை வெச்சிகினு குந்திட்டா.

பங்காளி இல்லாத ஆளு போலாமே, அப்பத்தான் எனக்குத் தோணிச்சி. ஆனா எங்க தெரு மொத்தமும் பங்காளிங்க. வாசலுக்கு ஓடினேன். மணப்பட்டு பவுனம்மா குறுக்கால போயிகினு இருந்தா, மீன் கூடயோட. தீட்டு நாளுல நாங்க கவுச்சி வாங்க மாட்டோம், அவ அடுத்த தெருவுக்குப் போறா.

"பவுனு, இங்க வா! உள்ள வந்து ஒரு பட்டன அமுக்கணும்."

"நானா? உள்ளயா?" கூடய எறக்காம நின்னா. "கையெல்லாம் கவுச்சிம்மா."

"சோப்பு தரேன், கழுவிகினு வா. எம் பொண்ணு படிப்பு போவுது."

கையும் காலும் முழங்கால் மட்டும் தேய்ச்சிக் கழுவினா. சாவிய அவகிட்ட குடுத்தேன். நாங்க மூணு பேரும் கூடத்துலயே நின்னோம். "கீழ்த்தட்டுல, சந்தனப் பொட்டுக்குக் கீழ வட்டமா இருக்கும் பவுனக்கா"ன்னு கீதாஞ்சலி இங்கேந்தே சொல்றா. டிக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் ஃபேனு இரைச்சல். எங்க வூட்டுக்காரரு தொரட்டியோட குதிச்சாரு.

மூணு அம்பதுக்கு புராஜெக்டு போச்சு. வந்து சேந்திச்சின்னு பதிலும் வந்திது. "பாத்தியா, ஒரு எழுத்து அழியல!"ன்னு இவுரு மார தட்டிக்கிறாரு. பொண்ணு அழுதுகினே சிரிக்கிறா.

பவுனம்மா மட்டும் வெளிய வரல. சாமி ரூமு வாசப்படிகிட்ட போயிப் பாத்தேன். கவுந்த விபூதிய வழிச்சித் தட்டுல போட்டுட்டு, முருகரு முன்னாடி கை கூப்பிகினு நிக்கறா.

"வேல ஆச்சு பவுனு, வா"ன்னேன்.

திரும்பிப் பாத்தா. "இருவது வருசமா இந்த வூட்டுக்கு மீன் குடுக்குறேன். உங்க சாமிய இன்னிக்கிதாம்மா பாக்குறேன். கொஞ்சம் இரு."

எனக்கு சுருக்குன்னுச்சி. இருவது வருசமும் அவள கேட்டுக்கு வெளியவே குந்த வெச்சி மீன் வாங்கினவ நான்தானே. "நிதானமா கும்புடு"ன்னேன். அவ கும்புட்டு முடிக்கிற வரைக்கும் வாசப்படிக்கு வெளியவே நின்னுகினு இருந்தேன்.