கேட்டவர் கைக்கு வருகிறதா

மெகருன்னிசா அக்காவின் எண்ணிலிருந்து எங்கள் குழுவுக்குக் குரல் பதிவுதான் வரும். அவர் எதையும் எழுதி அனுப்பி நான் பார்த்ததில்லை. அன்று காலை எழுத்தாக ஒரு செய்தி வந்திருந்ததைத்தான் முதலில் கவனித்தேன். படித்தது பிறகுதான். அவர் மகள் அனுப்பியிருந்தாள். விடியற்காலையில் மாரடைப்பு, அம்மா இறந்துவிட்டார், போத்தனூர் வீட்டுக்கு வாருங்கள் என்று.

கடை கடையாகப் போய் ஆணுறை, நாப்கின், வயிற்றுப்போக்குக்கான உப்புக் கரைசல் பொட்டலம் எல்லாம் கிடைக்கின்றனவா என்று பதிவு செய்வது எங்கள் வேலை. நானும் அக்காவும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. பத்தாவதோடு பள்ளியை நிறுத்திய பெண் நான்; எனக்குப் பத்தொன்பது. அவர் பேசுவார், நான் போனில் பதிவேன். வெளியாட்கள் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. அதை அவர் குறையாகச் சொன்னதே இல்லை. "ரெண்டு பேரும் பேசினா ஆரு கண்ணு பதியறது?" என்பார்.

அவருடன் வேலைக்குப் போன உங்களுக்குத் தெரியும், கேட்க வேண்டியதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப அவரால் முடியாது. போத்தனூரில் ஒரு மளிகைக் கடையில் ஆணுறைப் பெட்டி எலி மருந்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏனுங்க, இது ரெண்டுக்கும் என்ன சொந்தமுங்க?"

"ரெண்டையும் சின்னப் பசங்க எடுக்கப்படாதுல்லீங்க," என்றார் கடைக்காரர்.

அக்கா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தார். அதன் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். ஒரு கடையில் ஊதுபத்தி இருந்தது. ஏன் ஊதுபத்தி என்று பேருந்தில் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார்.

போன மாதம் கருமத்தம்பட்டியில் ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். முதலில் வாங்க வந்தவர் போலக் கேட்பதுதான் எங்கள் முறை. எங்களுக்கு முன்னால் தறிக்கூடத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, குனிந்து ஏதோ கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். அடுத்து அக்கா ஆணுறை கேட்டார். "தீந்துபோச்சுங்க" என்றார் கடைக்காரர். அதற்குள் பைக்கில் வந்த ஒருவர் அதையே கேட்டார். கிடைத்தது.

"ஏனுங்க, இப்பத்தான தீந்துபோச்சுன்னீங்க?"

அவர் சங்கடப்பட்டார். "பொம்பளைங்களுக்குக் குடுத்தா நாளைக்கு அவங்க ஊட்டுக்காரரு வந்து சண்டைக்கு நிப்பாருங்க. நமக்கெதுக்குங்க?"

அக்கா அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தார். "அம்மணி, நீயும் அதைத்தான் கேட்டியா?"

"ஆமாங்க. எனக்கு ரத்தம் கம்மி. இப்ப இன்னொண்ணு உண்டானா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அவருகிட்டச் சொன்னா மறந்துபோட்டு வாராரு."

அக்கா பைக்கில் வந்தவரைக் கூப்பிட்டு, இன்னொரு பாக்கெட் வாங்கித் தரச் சொன்னார். அவர் முழித்துக்கொண்டே வாங்கித் தந்ததை அவளிடம் கொடுத்தார்.

சரக்கு கடையில் இருப்பதால் 'இருக்கிறது' என்றுதான் பதிய வேண்டும் என்றது எங்கள் அலுவலகம். அக்கா விடவில்லை. "கடைக்குள்ள இருக்கறது கடைக்காரருக்கே தெரியுமுங்க. கேட்டவங்க கைக்கு வருதான்னு பாக்கத்தான நாம போறோம்?" என்று போனில் சொன்னார். அந்தப் பக்கம் யோசித்துவிட்டு, வேறொரு பெண் கேட்டும் அதே பதில் வந்தால் 'இல்லை' என்று மாற்றலாம் என்றார்கள். மாறினால், அந்த ஊரில் பெண்கள் நடத்தும் கடை ஒன்றில் பாக்கெட்டுகள் வைக்க ஏற்பாடு ஆகும். மாறாவிட்டால் குழந்தையோடு வந்த அந்தப் பெண் இனி யாரையாவது கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

"அடுத்த தடவை நீ கேக்கறயா? முடியலைன்னா சொல்லு, வேற ஆளைப் பாக்கறேன்," என்றார் அக்கா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

பள்ளிவாசலுக்கு அவரைக் கொண்டு போனபோது பெண்கள் நாங்கள் வீட்டு வாசலோடு நின்றுகொண்டோம். அவருடைய சிரிப்பை உங்களில் பலர் வைத்திருப்பீர்கள். எனக்கு அவர் அலுவலகத்திடம் கேட்ட கேள்வி இருக்கிறது.

அடுத்த நாள் தனியாகக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். கடையில் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள்.

"என்ன கண்ணு வேணும்?"

அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஆணுறை ஒரு பாக்கெட் குடுங்க."