ஒரு கைப்பிடி புஸ்

நான் மருத்துவிச்சியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரி, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் வழியில் இருந்தது. ஒரு வார்டு, ஒரு பிரசவ அறை, டொக்டரின் அறை, மருந்து அறை, அவ்வளவுதான். அரிக்கன் லாம்பையும் பெற்றோல்மாக்ஸையும் வைத்துக்கொண்டு எத்தனையோ பிள்ளைகளை உலகத்துக்கு எடுத்திருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கரண்ட் எடுக்க ஒரு எஞ்சின் கிடைத்தது. அதோடு கரண்ட் வேலை செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் றெயிலில் வந்து இறங்கினார்.

மெலிந்த, உயரமான ஆள். காதிலே பென்சில். பேசுவதற்குக் காசு கேட்பார்களோ என்று பயந்தவர்போல ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். இரும்புக் குழாய்களை வாளால் அறுப்பார். அறுத்த வாயை அரத்தால் ராவுவார். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் மறுபடியும் அரம். எங்களோடு உதவிக்கு நின்ற ஆயா அக்கா ஒருநாள் என்னைக் கேட்டா:

"மிஸி, உந்தாள் குழாய்க்குக் காது குத்தப் போறாரோ?"

நான் சிரித்தேன். அவருக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

டொக்டர் ஐயா நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். வேலை முடியுமுன்னமே பெரியவர் ஒருவரை வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு அழைத்துவிட்டார். மாலை கட்டவும் சொல்லியாயிற்று. புதன்கிழமை காலை வயர்காரர் டொக்டரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் அங்கே பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை ஏலாது, ஐயா."

"ஏன்?"

"புஸ் வரேல்லை."

"பஸ் வந்தால் என்ன, வராட்டி என்ன? நீர்தான் இஞ்ச வந்து நிக்கிறீரே."

வயர்காரர் சட்டைப் பையிலிருந்து மோதிரம் போன்ற ஒரு பித்தளை வளையத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுதான் புஸ், ஐயா. குழாய் வாயிலை பூட்டுறது. கொழும்பிலிருந்து எல்லாம் வந்தது. இது மட்டும் ஒரு கைப்பிடிதான் வந்தது."

டொக்டர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தச் சின்னத் துண்டு இல்லாமல் லைற் எரியாதோ?"

"எரியும், ஐயா. ஆனால் நான் எரியவிடமாட்டன்."

அன்று பின்னேரத்துக்குள் கதை ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. வார்டில் காய்ச்சலோடு கிடந்த கிழவர்கூட வயர்காரர் ஏணியோடு போகும்போது, "தம்பி, பஸ் வந்திட்டுதோ?" என்று கேட்டார். ஆயா அக்கா தேத்தண்ணி கொடுக்கும்போதெல்லாம், "றோட்டுப் பக்கம் சத்தம் கேட்டுது, பாத்தனீங்களோ?" என்பா. நானும் சும்மா இருக்கவில்லை. டிக்கெற் எடுத்துவிட்டாரா என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. ராவாத ஒரு குழாய்த் துண்டைக் கொண்டுவந்து, அதற்குள்ளால் ஒரு வயரை விட்டு, என் கண்முன்னே நாலைந்து தரம் இழுத்தார். வெளியே வந்த வயரில் மேல் நூல் பின்னல் பிய்ந்து, கறுத்த றப்பரில் கீறல் விழுந்திருந்தது.

"எஞ்சின் ஓடேக்கை இந்தக் கட்டடம் அதிரும், மிஸி. வயர் வாயிலை உரஞ்சி உரஞ்சித் தோல் போகும். பிறகு குழாய் முழுக்கக் கரண்ட். ஆரும் ஈரக்கையோடை தொட்டால்..."

"அதுக்குத்தானே ராவுறீங்கள்?"

"ராவத்தான் வேணும். ராவினது மட்டும் காணாது. புஸ்ஸின்ரை வாய் உருண்டை, வயரை வெட்டாது."

எனக்குச் சுருக்கென்றது. போன மாதந்தான் எனிமாக் குழாயின் கண்ணாடி முனை உடைந்திருந்ததைக் கவனிக்காமல் ஆயா அக்கா மாட்டி, றப்பர் கிழிந்து, தண்ணீரெல்லாம் நிலத்தில் ஓடியது. முனையை ஸ்பிரிட் விளக்கில் காட்டி மழுக்காமல் ஏன் மாட்டினாய் என்று அவவைப் பிடித்து நான் ஏசிய ஏச்சு வார்டு வரைக்கும் கேட்டது. அதே நான் இந்த மனிதனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லா முனைக்கும் வேணுமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. குழாய் திருகுப் புரியோடை சுவிச்சுப் பெட்டிக்குள்ளை இறங்கி, பெட்டியின்ரை வாயே உருண்டையாய் இருந்தால் தேவையில்லை. வெட்டின வாய் வெறுமனே நிக்கிற இடத்திலைதான் வேணும்."

"கையிலை இருக்கிறது எத்தனை அறைக்குக் காணும்?"

அவர் காதுப் பென்சிலை எடுத்து உள்ளங்கையில் கணக்குப் போட்டார். "ஒரு அறைக்கு."

டொக்டரிடம் நானே போனேன். பிரசவ அறைக்கு மட்டும் வெள்ளிக்கிழமை லைற் வரட்டும், மற்றதெல்லாம் புஸ் வந்த பிறகு என்றேன். தன் அறை இருட்டாகவே இருக்கும் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எனிமாக் கதையையும் சொன்னேன். "சரி, சரி, விடும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். மாலை போட்டார்கள். எஞ்சின் ஓடியது. ஆனால் அன்று விடியவே குடியேற்றத் திட்டத்திலிருந்து ஒரு பெண்ணை வண்டிலில் கொண்டுவந்திருந்தார்கள். அவள் பிரசவ அறையில் வலியோடு கிடந்தாள். லைற் உள்ள ஒரே அறைக்குள் பெரியவரை விட முடியாது. விறாந்தையில் பொருத்தியிருந்த அந்த அறையின் சுவிச்சை அவர் அழுத்தினார். வெளியே ஒன்றும் நடக்கவில்லை. காலை வெயில் மட்டும் அடித்தது.

"எரியுதோ?" என்று மூடிய கதவைப் பார்த்துக் கேட்டார்.

"எரியுது, ஐயா" என்றேன் உள்ளேயிருந்து.

அவர் நம்பினாரோ தெரியாது. விறாந்தையில் ஒருவரும் கை தட்டவில்லை. அப்போது கட்டிலில் கிடந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு உரத்துச் சொன்னாள்:

"ஆரது உந்த லைற்றைப் போட்டது? நூருங்கோ, கண் கூசுது."

வெளியே கைதட்டல் கேட்டது.

மத்தியானம் அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. தாய்க்குக் கிழிவு இருந்தது. லைற்றை மறுபடி போட்டுத்தான் தையல் போட்டோம். என் கையின் நிழல் விழாமல் ஊசி போகும் இடத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கிழமை மீதிப் புஸ்களோடு பார்சல் வந்தது. மூன்று நாளில் வேலை முடிந்தது. டொக்டர் தன் அறை லைற்றைப் பட்டப்பகலில் நாலுதரம் போட்டுப் பார்த்தார். வயர்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடைபெற வந்தபோது, நாங்கள் பகிடி பண்ணியது மனதுக்குக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன்.

"இல்லை, மிஸி. ஆக்கள் சிரிச்சால் எனக்கு வேலை ஓடும். பேசாமல் நிண்டு பாத்தால்தான் கை நடுங்கும்" என்றார்.

அவர் அவ்வளவு நீளமாகத் தன்னைப் பற்றிப் பேசியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆயா அக்கா வழிச்சாப்பாடு கட்டிக் கொடுத்தா. அவர் அதை வாங்கிப் பெட்டியின் மேலே வைத்துக் கட்டிக்கொண்டு, மாங்குளம் போகிற லொறியில் ஏறினார்.